விக்கிப்பீடியாவின் காப்புப்படிகள்

தீயும் நீரும் செல்லும் மட்டுமே எழுத்தை அழிப்பன அல்ல. இடம் போதாது என்று கருதிப் பழையதைக் கழித்து வரும் ஒழுங்கும் அழிக்கும். விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தின் தொடக்க மாதங்கள் இவ்வகையில் மறைந்தொழிந்தன என்றே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கருதப்பட்டு வந்தது.

2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் அதனைத் தொடங்கியபோது அவர்கள் கையாண்டது யூஸ்மாட்விக்கி என்னும் எளிய நிரல். கிளிஃபோர்டு ஆடம்சு பெர்ல் மொழியில் எழுதிய அது, தரவுத்தளம் எதனையும் நாடாது, பக்கங்களைக் கோப்புகளாகவே வட்டில் இட்டு வைத்தது. ஒரு பக்கம் திருத்தப்பட்டால் பழைய வடிவத்தைச் சில காலம் வைத்திருந்து பின்னர் நீக்கிவிடுவது அதன் இயல்பு. சிறு குழுவினரின் குறிப்புப் பலகைக்கு அது போதுமானதே. ஆனால் யார் எதனை முதலில் எழுதினார், எவர் மறுத்தார் என்னும் வரலாற்றையே தன் நம்பகத்துக்கு ஆதாரமாகக் கொள்ளவிருந்த ஒரு நூலுக்கு அது பொருந்துமா? பொருந்தாது என்பது தெரியவந்தபோது தொடக்க நாள்களின் வடிவங்கள் பல கழிக்கப்பட்டுவிட்டன.

2010 டிசம்பரில், நிரலாளர் டிம் ஸ்டார்லிங் சோர்சுஃபோர்ச்சு தளத்தில் கிடந்த பழைய கோப்புகளைப் புரட்டியபோது, 2001 ஆகஸ்டு வரையிலான திருத்தங்களின் குறிப்பேடு முழுமையாக அகப்பட்டது. பரணில் கிடந்த கட்டில் காணாமற்போன சுவடி கிடைத்ததை ஒத்தது இது. கலைக்களஞ்சியத்தின் பிறப்புக் குறிப்பு தப்பியது திட்டமிட்ட பேணலால் அன்று. யாரோ என்றோ எடுத்து வைத்து மறந்த ஒரு படியால்.

இதற்கிடையில் நிரல் மாறியிருந்தது. கொலோன் பல்கலைக்கழக மாணவராயிருந்த மாக்னசு மான்ஸ்கே பி.எச்.பி. மொழியில் புதியதொரு நிரலை எழுத, 2002 சனவரி 25 அன்று ஆங்கில விக்கிப்பீடியா அதற்கு மாறிற்று. பக்கங்கள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துள் புகுந்தன. பழைய வடிவங்கள் கழிக்கப்படாமல் நிலைத்தன. வருகையாளர் பெருகவே அந்நிரலும் தடுமாறியது. லீ டேனியல் கிராக்கர் திருத்தி எழுதிய வடிவம் அவ்வாண்டு சூலையில் நடைமுறைக்கு வந்தது. 2003இல் அதற்கு மீடியாவிக்கி என்னும் பெயர் வழங்கலாயிற்று.

இத்தகைய உள்ளடக்க மேலாண்மை நிரல்களின் அடிப்படை, எழுத்தையும் தோற்றத்தையும் பிரித்து வைப்பதாகும். வாசகர் காணும் பக்கம் எங்கும் ஆயத்தமாக இருப்பதன்று. தரவுத்தளத்திலிருந்து எடுத்த எழுத்து, வார்ப்புருவில் பொருந்திப் பக்கமாகிறது. அதே பக்கத்தைப் பலர் கேட்பாராயின், ஒருமுறை கட்டியதைத் தற்காலிக நினைவகத்தில் வைத்து வழங்குவர். பெருந்தளங்கள் மூச்சுத் திணறாமல் இயங்குவது பெரும்பாலும் இந்த நினைவகத்தாலேயே. எனினும் காக்க வேண்டிய பொருள் அந்தப் பக்கமன்று. தரவுத்தளமும், ஏற்றப்பட்ட படங்களும், அமைப்புக் குறிப்புகளும் இருந்தாற் போதும். பக்கங்கள் தாமே மீண்டும் பிறக்கும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் மற்றவை முடமாகிவிடும். காப்புப்படி எடுப்போர் பலர் தரவுத்தளத்தை நினைவில் கொண்டு படங்களை மறப்பது இத்துறையில் பழகிப்போன பிழை.

படியெடுத்தல் பாதுகாப்பு மட்டுமன்று, உரிமையும் ஆகும் என்பதை 2002 பிப்ரவரியில் எசுப்பானியப் பங்களிப்பாளர்கள் காட்டினர். கலைக்களஞ்சியத்தில் விளம்பரம் இடம்பெறக்கூடும் என்ற அச்சம் அவர்களிடையே எழுந்தது. உரிமம் யாரும் படியெடுக்க இடந்தந்திருந்ததால் தாம் எழுதியவற்றைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறி, செவீயா பல்கலைக்கழகத்தின் கணினியில் 'என்சிக்ளோபீடியா லீப்ரே' என்னும் தனிக் களஞ்சியத்தை நிறுவினர். விக்கிப்பீடியா விளம்பரமின்றியே நிலைத்தமைக்கு இந்தப் பிரிவும் ஒரு காரணம் என்பர். எழுதியவன் தன் எழுத்தைக் கையோடு கொண்டுசெல்ல முடியாத இடத்தில் அத்தகைய எதிர்ப்புக்கு என்ன வலு இருந்திருக்கும்?

கடுஞ்சோதனை 2005 பிப்ரவரி 21 அன்று வந்தது. அப்போது வழங்கிகளுட் பெரும்பாலானவை புளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் வாடகைக்கு எடுத்த நிலையமொன்றில் இருந்தன. அங்கே மின்னாக்கியும் எரிபொருளும் குறைவின்றி இருந்தன. ஆயினும் நிலையத்தின் உள்ளேயே மின்தடுப்பிகள் விழுந்தமையால் வழங்கிகள் ஒருசேர அணைந்தன. சில நிமிடங்களில் பெரும்பாலான இயந்திரங்கள் உயிர்த்தெழுந்தன. தரவுத்தளங்கள் எழவில்லை. தலைமைத் தரவுத்தளத்தையும் அதன் படியொன்றையும் இயக்கிப் பார்த்தபோது இரண்டிலும் சிதைவு தென்பட்டது. எழுதியாயிற்று என்று வட்டு அறிவிப்பதற்கும் எழுத்து உண்மையில் வட்டில் பதிவதற்கும் இடையே ஒரு நொடிப்பொழுது உண்டு. மின்சாரம் அந்நொடியில் அறுமாயின் பாதி எழுதிய தாளே எஞ்சும்.

அடுத்து அந்நிரலாளர்கள் செய்ததே குறிப்பிடத்தக்கது. எஞ்சிய இரு படிகளையும் அவசரமாக இயக்கிப் பார்க்க முற்படவில்லை. சீர்செய்யும் முயற்சியே தரவை மாற்றிவிடக்கூடும் என்பதால், சிதைந்ததோ சிதையாததோ, இருந்தது இருந்தபடியே முதலில் வேறோரிடத்தில் பெயர்த்து வைத்தனர். அதன் பின்னரே பழுது பார்த்தனர். உலகம் முழுதும் வாசகர் காத்திருக்க, பல மணி நேரம் களஞ்சியம் மூடிக் கிடந்தது. பின்னர்ப் படிப்பதற்கு மட்டும் திறந்து, அதன் பின்னரே திருத்துவதற்கு இடம் அளித்தது. செல்லரித்த ஓலையை அவிழ்க்கு முன் அதன் நிலையைக் குறித்துக்கொள்ளும் பதிப்பாசிரியரின் பொறுமை அது.

ஒரே நிலையத்தில் அடுத்தடுத்து நிற்கும் இயந்திரங்கள் ஒன்றற்கொன்று காப்பாகா என்பது அன்று தெளிவாயிற்று. மற்றொரு உண்மையும் உண்டு. தலைமைத் தரவுத்தளத்தை நொடிதோறும் பின்பற்றும் படி, அதன் பிழைகளையும் அதே நொடியில் பின்பற்றும். ஒருவர் தவறாக ஓர் அட்டவணையை அழித்தால் எல்லாப் படிகளிலும் அது அழியும். ஆகவேதான் குறிப்பிட்ட நாளில் உறைந்து நிற்கும் தனிப்படி வேண்டப்படுகிறது.

அத்தகைய தனிப்படிகளை விக்கிமீடியா அறக்கட்டளை பொதுவிலேயே வெளியிட்டு வருகிறது, எவரும் இறக்கிக்கொள்ளலாம். இதுவும் எளிதில் கைகூடியதன்று. ஆங்கிலக் களஞ்சியம் பெருக்கப் பெருக்க, முழு வரலாற்றையும் படியெடுக்கும் பணி பல வாரங்கள் ஓடி நடுவழியில் முறிந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கி, மீண்டும் முறியும். பல ஆண்டுகள் முழுமையான புதிய படி இல்லாமலேயே கழிந்தன. 2010இன் தொடக்கத்தில்தான் அது நிறைவேறிற்று. விரித்தால் 5 டெராபைட்டுக்கு மேற்பட்ட அவ்வெழுத்து, சுருக்கப்பட்டபோது ஏறத்தாழ 32 கிகாபைட்டில் அடங்கியது. அடுத்தடுத்த வடிவங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருத்தல் இச்சுருக்கத்தின் காரணம்.

2013 சனவரியில் தலைமையிடம் டாம்பாவிலிருந்து வர்சீனியாவின் ஆஷ்பர்னுக்கு மாறிற்று. டெக்சாசில் டல்லசை அடுத்து இணையான இரண்டாம் நிலையமும் எழுந்தது. இருப்பினும் இயக்கிப் பாராத காப்பு காப்பன்று. 2016 ஏப்ரலில் களஞ்சியம் முழுவதையும் வேண்டுமென்றே டெக்சாசுக்கு மாற்றி, இரு நாள் கழித்துத் திருப்பினர். முதன்முறை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் திருத்தங்கள் தடைப்பட்டன. பயிற்சியால் பிற்காலத்தில் அது 3 நிமிடத்துக்கும் கீழே இறங்கிற்று.

2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் இதே நிரலில், இதே நிலையங்களில் இயங்குவது. நிர்வாகிகளால் நீக்கப்பட்ட பக்கங்களும் பயனர்களின் கடவுச்சொற்களும் பொதுப்படியில் சேர்வதில்லை. மற்றபடி ஒற்று மிகும் இடமா மிகா இடமா என்று இருவர் மாறி மாறித் திருத்திய திருத்தங்கள் கூட, நாளும் நேரமும் பெயரும் குறித்து அப்படிக்குள் கிடக்கின்றன.