ரோதையும் ரோதைமுனியும்: மலையகத் தேயிலை இயந்திரங்களின் மீட்பு

மலையக வரலாற்றை எழுதப் புகுவோர் மண்ணையும் மக்களையும் பேசுவர். இயந்திரங்களைப் பேசுவோர் சிலரே. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, கொழுந்து மேசைமீது கையாலேயே உருட்டப்பட்டது. 1872இல் அங்கு உருட்டும் இயந்திரத்துடன் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சனின் 'சிறொக்கோ' உலர்த்திகளும், வில்லியம் ஜாக்சனின் உருட்டிகளும் மலைநாட்டை அடைந்தன.

பழைய தொழிற்சாலையின் உயிர்நிலை எஞ்சினே. அதன் விசை நீண்ட இரும்புத் தண்டொன்றைச் சுழற்ற, அத்தண்டிலிருந்து இறங்கிய வார்ப்பட்டைகள் உருட்டிகளையும் சலிப்பான்களையும் இயக்கின. எஞ்சின் நின்றால் யாவும் நின்றன; வாடிய கொழுந்தோ காத்திராது.

இவ்வியந்திரங்களுட் சில இன்று மீட்கப்பட்டுள்ளன. கண்டியை அடுத்த ஹந்தானையில் 1925இல் கட்டப்பெற்றுப் பின்னர் கைவிடப்பட்ட தொழிற்சாலை, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய எஞ்சின்களும் உருட்டிகளும் அங்குக் காட்சிக்கு உள. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையின் ஹெதர்செட் தொழிற்சாலை 1996இல் விடுதியாயிற்று, கொழுந்து வாட்டிய மாடிகள் விருந்தினர் அறைகளாயின, எஞ்சின் பேணப்படுகின்றது.

எனினும், இரும்பைத் துலக்கி நிறுத்துவது வேறு. அதனை ஓடச் செய்வது வேறு. எவ்வொலி எழுந்தால் எண்ணெய் வற்றியது, எப்பட்டை எப்போது தளரும் என்னும் அறிவு ஏட்டிலன்றி, இயக்கியோரின் செவியிலும் கையிலுமே பெரிதும் தங்கியிருந்தது. அவ்வறிவுக்குச் சான்று தோட்ட மக்களின் மொழியிலும் வழிபாட்டிலும் உண்டு. சக்கரத்தை அவர்கள் 'ரோதை' என்றனர். அது போர்த்துக்கேய மொழிவழி வந்த சொல். தொழிற்சாலையிலே 'ரோதைமுனி' எனத் தெய்வம் அமைத்து வழிபட்டனர். சோறு தரும் சக்கரமே கையைப் பறிக்கவும் கூடும் என்னும் அச்சம் இவ்வழிபாட்டின் அடியில் உள்ளதென நாம் கருதுகின்றோம்.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல்லாயிரவர் இந்தியா சென்றனர். அவர்களோடு இத்தொழிலறிவின் ஒரு பகுதியும் கடல் கடந்தது எனல் மிகையாகாது.

செய்தோன் பெயர் இயந்திரத்தின் இரும்பிலேயே வார்க்கப்பட்டிருக்கின்றது. இயக்கியோன் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. எஞ்சியுள்ள முதிய தொழிலாளரின் வாய்மொழியைப் பதிவு செய்து, அந்த எஞ்சின்களின் அருகிலேயே வைத்தல் வேண்டும். அதுவரை நாம் மீட்டது இரும்பை மட்டுமே.