உவர் நிலமும் ஊறிய விதையும்



அரசுகள் வீழ்ந்த கதையை வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறும். ஒரு தானியம் வீழ்ந்த கதையை அவை அத்துணை விரிவாகக் கூறுவதில்லை. அத்தகைய கதை ஒன்றையும், அத்தானியத்தைத் தாங்குவதற்கு மனிதன் கண்ட எளிய வழி ஒன்றையும் இன்று கூற விரும்புகிறேன்.

யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட சுமேரிய நாட்டில், கி.மு. 3500 அளவில் கோதுமையும் பார்லியும் ஏறத்தாழச் சமமாகப் பயிராயின. பின்னர்க் கால்வாய்கள் பெருகின, வடிகால்கள் பெருகவில்லை. பாய்ச்சிய நீரால் நிலத்தடி நீர் உயர்ந்தது. வெயில் நீரைக் குடித்தது. உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கிற்று. உவரைத் தாங்கவல்ல பார்லி நிலைத்தது, கோதுமையோ பின்வாங்கிற்று. கி.மு. 1700 அளவில் தென்பகுதியில் கோதுமைச் சாகுபடியே அற்றுப்போயிற்று. பழைய களிமண் ஏடுகளைக் கொண்டு யாக்கப்சன், ஆடம்ஸ் என்னும் இருவர் 1958-இல் இதனை விளக்கினர். உப்பின் பங்கை அவர்கள் மிகைப்படுத்தினர் எனப் பிற்கால அறிஞர் சிலர் மறுத்ததும் உண்டு. ஆயினும் வடிகாலற்ற பாசனம் நிலத்தை உவராக்கும் என்பதில் ஐயமில்லை.

ஈரமான மண்ணில் விதை ஏன் முளையாது கெடுகிறது? உப்பு, நீரைத் தன்னிடம் பற்றி வைத்துக்கொள்கிறது. அருகில் நீர் இருந்தும் விதையால் அதனைப் போதிய அளவு உறிஞ்ச இயலவில்லை. கடல் நடுவே தாகத்தால் வாடும் மாலுமியின் நிலையே அதன் நிலையும். உறிஞ்சிய சிறிதளவு நீருடன் சோடியமும் புகுந்து இளமுளையை நலிவுறச் செய்கிறது.

இதற்கு ஒரு வழி, விதைக்கு முன்னரே நீரூட்டுவது. விதையை ஊறவைத்து விதைப்பது பழைய வழக்கம். உவர்க்காரத்திலும் ஒலிவ எண்ணெய்க் கசடிலும் விதையை நனைத்த உழவரை உரோமக் கவிஞர் வர்ஜில் குறிப்பிடுகிறார். நம் உழவர் நெல்லை முளைகட்டி நாற்றங்காலில் விதைப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். இருபதாம் நூற்றாண்டில் சோவியத் அறிஞர் கெங்கேல், விதைகளை உப்புக் கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவி, அவற்றை உவருக்குப் பழக்க முயன்றார். 1973-இல் இங்கிலாந்தில் ஹைடெக்கரும் உடனுழைத்தோரும், விதை நீரை அளவோடு பெறுமாறு கரைசலில் ஊறவைத்து, முளைத்தலை விரைவுபடுத்தினர்.

கோதுமையைப் பொறுத்தவரை முறை மிக எளிது. விதையை ஓர் இரவு, ஏறத்தாழ 12 மணி நேரம், நீரிலோ நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலிலோ ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைப்பர். முளைத்தலுக்குரிய முதற்பணிகள் விதைக்குள் தொடங்கிவிடும். ஆனால் வேர் வெளிவராது. அளவு கடந்து ஊறினால் வேர் வெளிப்பட்டு, உலர்த்தும்போது முளை கெடும். முறையாக ஊறிய விதை விரைவாகவும் சீராகவும் முளைக்கிறது. கால்சியமோ, உயிரணுச் சவ்வைக் காத்துச் சோடியத்தின் தீமையைத் தணிக்கிறது.

எனினும் ஒன்றை மறவாதீர்கள். ஊறிய விதை நல்ல தொடக்கத்தைத் தரும்; மண்ணிலுள்ள உப்பை நீக்காது. அதற்கு வடிகால் வேண்டும். உவர் தாங்கும் இரகமும் வேண்டும். 1969-இல் நிறுவப்பெற்றுக் கர்னாலில் இயங்கும் நடுவண் மண் உவர்மை ஆராய்ச்சி நிலையம் இவ்விரண்டிலும் உழைத்து வருகிறது. இராசத்தானத்து உவர்நில உழவர் காத்துவந்த கார்ச்சியா என்னும் கோதுமையே புதிய இரகங்கள் சிலவற்றுக்குத் தாயாயிற்று.

சுமேரியர் கால்வாய் வெட்டுவதில் வல்லவர். வடிகாலின் அருமையை உணரவில்லை. நீரைக் கொண்டுவரும் அறிவுக்கு இணையாக, அதனை வெளியேற்றும் அறிவும் வேண்டும் என்பதே அவர்தம் வயல்கள் நமக்குப் புகட்டும் பாடம்.