பிராங்கோஸ்கோப்பிப் பயிற்சி

மூச்சுக்குழலுக்குள் குழாயைச் செலுத்தி நோயறியவும், புரையேறிச் சிக்கிய பொருளை எடுக்கவும் மருத்துவரைப் பழக்கும் முறை. 1897-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்தவ் கில்லியன், ஒரு விவசாயியின் வலது மூச்சுக்கிளையில் சிக்கிய பன்றி எலும்பை உலோகக் குழாய் வழியே எடுத்தார்; வரலாறு அங்கே தொடங்குகிறது. 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானின் ஷிகெடோ இகேடா வளையும் இழைநோக்கியைக் கொண்டுவந்தார். கருவி வளைந்தது, கற்பித்தல் வளையவில்லை. பெரும்பாலும் ஆசிரியர் கண்வில்லையை விட்டு விலகினால்தான் மாணவர் பார்க்க முடிந்தது. 1980-களின் இறுதியில் காட்சி திரைக்கு வந்தபோதுதான் மாணவரின் கை தடுமாறும் இடத்தை ஆசிரியர் அந்தக் கணமே கண்டார். பயிற்சியில் நிகழ்ந்த முதல் பெரிய மாற்றமாக இந்தத் திரையையே கருத வேண்டும்.

ஆனால் கை யாருடைய உடலில் பழகியது? 2003-இல் அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி, தேர்ச்சிக்கு 100 பரிசோதனைகள் வேண்டும் என்றது. அந்த நூறின் தொடக்கத் தடுமாற்றங்களைச் சுமப்பது நோயாளி. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தீராத இருமலோடு கோட்டயத்துக்கோ தேனிக்கோ மலையிறங்கும் தொழிலாளிக்கு, தன்னைத் தொடும் கையைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. தொழில்நுட்பத்தின் பயனை அவர் பக்கமிருந்தே அளக்க வேண்டும். 2001-இல் ஹென்றி கோல்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நோயாளிக்குப் பதிலாகப் பழகும் போலிப் பொறியான சிமுலேட்டரில் சில மணி நேரமே பழகிய புதியவர்கள் குழாயைச் சுவரில் மோதுவதும் கிளைகளைத் தவறவிடுவதும் குறைந்தன. வேகம் மட்டும் கூடவில்லை. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் 2015-இல் அதே கல்லூரியின் நிபுணர் குழு, எண்ணிக்கையை விட்டுத் திறனை அளக்கும்படி பரிந்துரைத்தது.

இத்தகைய பயிற்சியை மறுப்பவர்கள், மாதிரியின் பிளாஸ்டிக் மூச்சுக்குழல் இருமாது, அதில் ரத்தம் கசியாது, ஆக்சிஜன் இறங்காது என்பார்கள். உண்மையே. ஆனால் நெம்புகோலை எந்தப் பக்கம் திருப்புவது என்று தேடும் மருத்துவரால் நோயாளியின் திணறலைக் கவனிக்க இயலாது. கைத்தேடல் முன்பே முடிந்திருந்தால்தான் கவனம் அவரிடம் போகும். விலை என்ற தடையும் உண்டு. கிளைகளின் வழி பழக விலையுயர்ந்த பொறி தேவையில்லை, சி.டி. ஸ்கேனிலிருந்து முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரியும் ஒரு பழைய கருவியும் போதும். இந்தியாவில் 2019-இன் திறன்வழிப் பாடத்திட்டம் இளநிலை மாணவருக்கே திறன் பயிற்சிக்கூடத்தை வேண்டியது. அதே நியாயம் நுரையீரல் முதுநிலைப் பயிற்சிக்கும் பொருந்தும். திரையில் கிளைகளின் பெயரைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. கட்டி அழுத்தி உருமாறிய கிளையில் அது தவறக்கூடும் என்பதால், அங்கே ஆசிரியரின் கண்ணே அருகிலிருக்க வேண்டும்.