கோயு சாவடியில் ஓர் இழுபறி

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் 'கோயு' படத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். பொழுது சாய்ந்த நேரம். சாவடித் தெருவில் ஒரு பெண், வழிப்போக்கன் ஒருவனின் மூட்டையைப் பிடித்து இழுக்கிறாள். மூட்டை முடிச்சு கழுத்தை இறுக்க, அவன் முகம் கோணுகிறது. கூட வந்தவனை இன்னொருத்தி பிடித்திருக்கிறாள். வலது பக்கம் விடுதித் திண்ணையில், ஏற்கனவே மாட்டிக்கொண்ட ஒரு ஆசாமி வைக்கோல் செருப்பைக் கழற்றுகிறார். அவர் கால் கழுவ ஒரு கிழவி தண்ணீர்த் தொட்டி கொண்டுவருகிறாள்.

இது 1833-34 வாக்கில் வெளிவந்த தொக்கைடோ வரிசைப் படங்களில் ஒன்று. மரப்பலகையில் செதுக்கி, வண்ணம் பூசி, தாளில் அச்சடித்தவை. எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கியோட்டோ வரை கடலோரமாகப் போன சாலைதான் தொக்கைடோ. டொகுகாவா இயாசு 1601-ல் இதில் சாவடி முறையைக் கொண்டுவந்தார். மொத்தம் 53 சாவடிகள். அதில் கோயு 35-வது, அடுத்த அகசாகா 36-வது.

ஏன் இப்படி ஆளைப் பிடித்து இழுக்க வேண்டும்? இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 1.7 கிலோமீட்டர்தான்! அந்தச் சாலையிலேயே மிகக் குறைந்த தூரம் இதுதான். இங்கே விட்டால் அரைமணி நேரத்துக்குள் ஆள் பக்கத்து ஊர் விடுதியில் உட்கார்ந்திருப்பான்.

சிரிப்பு இதோடு சரி. இந்த மாதிரி விடுதிப் பெண்களுக்கு 'மெஷிமோரி ஒன்னா' என்று பெயர். சோறு பரிமாறுகிறவள் என்று அர்த்தம். பெயர்தான் அப்படி. அனுமதி பெற்ற பேட்டைகளுக்கு வெளியே பாலியல் தொழில் கூடாது என்று சட்டம் இருந்ததால், பணிப்பெண் என்ற போர்வையில் அது நடந்தது. ஏழைக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு மகளை இத்தனை வருடம் என்று எழுதிக்கொடுத்துவிடும். விடுதிக்கு இரண்டு பேர்தான் என்று 1718-ல் அரசு வரம்பு வைத்தது. ஆனால் பல இடங்களில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. அரசுப் பயணங்களுக்குக் குதிரையும் சுமையாளும் தரவேண்டிய பாரம் சாவடி ஊர்களின் தலையில்தான் இருந்தது. அதைத் தாங்க இந்தப் பெண்களால் வந்த வருமானமும் உதவியது. அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

படத்தில் இன்னொரு வேடிக்கை. விடுதிச் சுவரில் பெரிய வட்டத்துக்குள் பதிப்பாளர் டகெனோஉச்சியின் பெயர்! பக்கத்துப் பலகைகளில் ஓவியர் பெயர், செதுக்கியவர் ஜிரோபெய், அச்சடித்தவர் ஹெய்பெய். செதுக்கியவர், அச்சடித்தவர் பெயரையெல்லாம் அந்தக் காலத்துப் படங்களில் பார்ப்பது அபூர்வம். சரியான விளம்பர மூளை. இத்தனை பேருக்கு இடம் இருந்த படத்தில், தெருவில் நிற்கும் பெண்களுக்குத்தான் பெயர் இல்லை.

அடுத்த அகசாகா படத்தில் விடுதியின் உள்பக்கத்தையே காட்டுகிறார். நடுமுற்றத்தில் ஒரு ஈந்துப்பனை, வலது பக்க அறையில் முகத்துக்குப் பூச்சு பூசிக்கொண்டிருக்கும் பெண்கள்.

எனக்கு கோயுவில் பிடித்தது தெருச்சண்டை அல்ல. விடுதிக்குள்ளிருந்து ஒருத்தி சாய்ந்தபடி அதை வேடிக்கை பார்க்கிறாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.