தொப்பியை அடகு வைத்துப் படித்த வீடு

முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரைச் சுற்றி நான்கு வருஷம் சண்டை நடந்தது. அந்த நகருக்கு மேற்கே சுமார் 12 கிலோமீட்டரில் பாப்பரிங்கே என்று ஒரு சிற்றூர். போர்க்காலத்தில் படைகளுக்கு அது முக்கியமான ரயில் நிலையம். இங்கிலாந்திலிருந்து வந்த சிப்பாய் அங்கே இறங்கித்தான் பதுங்குகுழிக்குப் போனான். உயிர் தப்பித் திரும்பினால் அங்கே வந்துதான் மூச்சு விட்டான். தெருவெல்லாம் படைவண்டிகள், மதுக்கடைகள், முட்டையும் உருளைக்கிழங்கும் பொரித்து விற்கும் கடைகள். வானத்திலிருந்து அவ்வப்போது குண்டும் விழும். அந்த ஊரில் 1915 டிசம்பர் 11ஆம் தேதி ராணுவப் பாதிரிமார் இருவர் ஒரு வீட்டைத் திறந்தார்கள். படைவீரனுக்கு ஆறுதல் சொல்லும் ஊழியத்தின் வரலாற்றில் அந்த வீட்டுக்கு இணையாக நான் வேறொன்றைச் சொல்லமாட்டேன்.

இப்படி அடித்துச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. நம் ராணுவத்தில் பண்டிட், கிரந்தி, மௌல்வி போலக் கிறிஸ்தவ வீரர்களுக்கென்று பாதிரியாரையும் நியமிப்பார்கள். நாயப் சுபேதார் பதவியில் சேர்வார். 'பாத்ரே சாப்' என்று கூப்பிடுவார்கள். பாளையங்கோட்டையிலிருந்து போய் அந்தப் பெயரோடு காஷ்மீரிலும் வடகிழக்கிலும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு ஜவான் மனம்விட்டுப் பேச எதற்குத் தயங்குகிறான் என்று எனக்குத் தெரியும். சொன்னது மேலிடத்துக்குப் போய்விடுமோ, பதவி உயர்வு நின்றுவிடுமோ, பக்கத்துக் கட்டிலில் படுப்பவன் சிரிப்பானோ என்ற பயம். நானும் அவனுக்கு ஒரு மேலதிகாரிதானே! வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்ததால் மட்டும் அந்தப் பயம் போய்விடுவதில்லை.

பாப்பரிங்கேயில் அந்தப் பயத்தைப் போக்க ஒரு வழி கண்டார்கள். வீட்டுக்கு டால்பட் இல்லம் என்று பெயர். 1915 ஜூலை 30ஆம் தேதி ஹூஜ் என்ற இடத்தில் கில்பர்ட் டால்பட் என்ற இளம் அதிகாரி சுடப்பட்டு இறந்தார். அவருடைய அண்ணன் நெவில் டால்பட் ஆறாவது டிவிஷனின் மூத்த பாதிரியார். தம்பியின் உடலைத் தேடி முன்னணிக்கே தவழ்ந்து போய்க் கண்டுபிடித்தவர் அவர். வீடு திறக்கும் யோசனையும் அவருடையது. அதை நடத்த அவர் அழைத்த ஆள் பிலிப் கிளேட்டன். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், அப்போது வயது 29. குட்டையாக, உருண்டையாக இருப்பார். அதனால் 'டப்பி' என்றே பட்டாளம் முழுக்க அவரை அழைத்தது. அவருக்கு உதவியாக ஆர்தர் பெட்டிஃபர் என்ற அனுபவப்பட்ட சிப்பாய். சாதாரணச் சிப்பாயான அவரை எல்லாரும் 'ஜெனரல்' என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள்.

பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவரின் வீடு அது. குண்டு விழுந்து பின்பக்கம் சேதமாகியிருந்தது. மாதம் 150 பிராங்க் வாடகை. என் மகள் குடும்பம் பிரஸ்ஸல்ஸில் இருந்தபோது ரயிலேறிப் போய் அதைப் பார்த்து வந்தேன். கீழ்த்தளத்தில் தேநீர், பியானோ, நாற்காலிகள். பின்னால் நல்ல தோட்டம். சண்டையை மறந்து தோட்டத்துக்குள் வா என்ற பொருளில் அங்கே ஒரு பலகை வைத்திருந்தார்கள். எவன் எந்தப் படையில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் தேடுகிறவர்கள் பெயர் எழுதி வைக்க ஓர் இடம் இருந்தது. அண்ணனைத் தேடி வந்த தம்பி அங்கே எழுதி வைத்துவிட்டுப் போகலாம். அதிகாரி தங்கினால் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் ஐந்து பிராங்க் தரவேண்டும். சிப்பாய்களுக்கு ஆகும் செலவை அந்தப் பணம் தாங்கியது.

நூலகம்தான் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது. புத்தகம் எடுக்க வந்தவன் காசு கட்டவேண்டியதில்லை, பெயர்ப் பதிவும் கிடையாது. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவான். தொப்பி இல்லாமல் எந்தச் சிப்பாயும் தெருவில் இறங்க முடியாது, அணியில் நிற்க முடியாது. ஆகவே புத்தகம் திரும்பி வந்தே தீரும். தொப்பியில்தான் படையின் சின்னம் இருக்கிறது. அதைக் கழற்றி வைத்த ஒரு மணி நேரம் அவன் எந்தப் படைக்காரனும் இல்லை. தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கிற வாலிபன்.

கிளேட்டனின் அறைக் கதவின் மேல், உள்ளே வருகிறவர்கள் எல்லாப் பதவியையும் வெளியே விட்டுவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. கர்னலும் சமையல்காரனும் ஒரே அடுப்பருகே உட்கார்ந்தார்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது பட்டாளத்தில் இருந்தவர்களுக்குப் புரியும்.

ஆராதனை நடக்கும் இடம் எங்கே? வீட்டின் உச்சியில், ஹாப்ஸ் காயவைத்த மச்சில். ஏணி போன்ற செங்குத்தான படிகளில் ஏறவேண்டும். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். அங்கே பலிபீடம் ஒரு பழைய தச்சுமேசை. நாசரேத்தூர் தச்சருக்கு அதைவிடப் பொருத்தமான பீடத்தை யார் செய்து தர முடியும்? முன்னணிக்குப் போகுமுன் கடைசித் திருவிருந்தை அதன் முன் முழங்கால் படியிட்டு வாங்கியவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

அந்த மேல்வீட்டறைக்கு யாரையும் இழுத்துப் போகவில்லை என்பதுதான் முக்கியம். தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம், பாட்டுப் பாடிவிட்டுக் கிளம்பலாம். யாரும் கேட்கமாட்டார்கள். மனம் கனத்தவன் தானாக ஏறினான். விசுவாசத்தை வாசலில் நிறுத்தி நுழைவுச்சீட்டாகக் கேட்காமல் உச்சியில் வைத்துக் காத்திருந்த ஞானம், படித்துப் பட்டம் வாங்குகிற நம் ஆலோசகர்கள் பலருக்கும் இன்னும் வரவில்லை என்பது என் தாழ்மையான எண்ணம்.

அதே ஊரில், சில நிமிட நடையில், நகர மண்டபத்தின் பின்கட்டில் இருந்த சிறை அறைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. படையைவிட்டு ஓடியதற்காக மரணதண்டனை பெற்றவர்களைக் கடைசி இரவில் அங்கே அடைத்தார்கள். அந்த இரவில் கூட இருப்பதும் பாதிரியாரின் வேலைதான். விடியும்போது சுடும் படைக்கு முன்னால் அவனோடு நடந்தவரும் அவரே. அவருக்குச் சம்பளம் கொடுத்ததும் சுட உத்தரவிட்ட அதே ராணுவம். அந்தப் போரில் இப்படிச் சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது 2006இல். அவர்களில் பலர் குண்டுச் சத்தத்தில் மனம் உடைந்துபோனவர்கள் என்று இன்றைய மருத்துவம் சொல்லும். அந்த மண்டபத்தில் நின்றபோது என்னால் ஜெபிக்க முடியவில்லை.

1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவத்தில் நூற்றுச் சொச்சம் பாதிரிமார் இருந்தார்கள். போர் முடியும்போது 3,400க்கும் மேல். தொடக்கத்தில் ஆங்கிலிக்கன் பாதிரிமார் முன்னணிக்குப் போகக்கூடாது என்று தடை இருந்தது. அது தளர்ந்த பிறகுதான் வீரர்கள் அவர்களை நம்பத் தொடங்கினார்கள். தியோடர் ஹார்டி ஐம்பது வயது கடந்த கிராமப் போதகர். இரவில் பதுங்குகுழிகளுக்குப் போய் வீரர்களோடு உட்கார்ந்திருப்பார். விக்டோரியா கிராஸ் பெற்றார். 1918 அக்டோபரில், போர் ஓய மூன்று வாரமே இருக்கையில், காயத்தால் இறந்தார்.

சரி, வீட்டில் இருந்த தாய்மாருக்கு என்ன ஆறுதல்? இறந்தவர் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று அரசு முடிவு செய்திருந்தது. லட்சக்கணக்கானவர்களுக்குக் கல்லறையே இல்லை. ஈப்பரின் மெனின் வாயிலில் மட்டும் காணாமல்போன 54,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தாய்மாருக்குக் கடிதம் எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்களில் ஒருவர் டேவிட் ரெயில்டன் என்ற பாதிரியார். 1916இல் அர்மாந்தியருக்கு அருகே அவர் தங்கிய வீட்டின் தோட்டத்தில் ஒரு கல்லறை. மரச்சிலுவையில் பென்சிலால், பெயர் தெரியாத ஒரு பிரிட்டிஷ் வீரர் என்று எழுதியிருந்தது. அவனைப் பெற்றவளுக்கு என்ன செய்வது என்ற கேள்வி ரெயில்டனை விடவில்லை. 1920இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத் தலைமைக் குருவுக்கு எழுதினார். பெயர் தெரியாத ஒருவனைக் கொண்டுவந்து அரசர்கள் நடுவே அடக்கம் செய்யுங்கள் என்று கேட்டார். அவ்வாண்டு நவம்பர் 11ஆம் தேதி அது நடந்தது. பெட்டியைப் போர்த்திய கொடி, போர்முனையில் ரெயில்டன் திருவிருந்து மேசைக்கு விரித்த கொடி. கணவனையும் பெற்ற மகன்கள் எல்லாரையும் இழந்த சுமார் 100 பெண்களை முன்னே அமர்த்தினார்கள். அங்கே கிடப்பவன் தன் மகனாகவும் இருக்கலாம் என்று எண்ண ஒவ்வொரு தாய்க்கும் உரிமை கிடைத்தது. ஒரு பாதிரியார் செய்த ஆற்றுப்படுத்தும் பணிகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியாது.

நம் ஊருக்கு வருகிறேன். வீரமரணம் அடைந்த ஒரு ஹவில்தாரின் உடலோடு திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன். மூவர்ணக்கொடி, துப்பாக்கி மரியாதை, எல்லாம் முறையாக நடந்தது. பதினாறாம் நாளுக்குப் பிறகு அந்த மனைவியிடம் போய் உட்கார ஆள் இல்லை. வந்தவர்களும் சத்தமாக ஜெபித்துவிட்டு, அவர் ஒரு வார்த்தை பேசுமுன் எழுந்து போனார்கள். "ஐயா, அவங்க கடைசியா போன்ல சண்டை போட்டுட்டுதான் வச்சாங்க. இதை யார்கிட்ட சொல்ல?" என்று என்னிடம் கேட்டார். ஊரில் யாரிடம் சொன்னாலும் அடுத்த வாரம் தெருமுழுக்கத் தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் நம் சபைகளில் நிறைய உண்டு. ஆலய வளாகத்தில் ஓர் அறையை வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கென்று திறந்து வையுங்கள். தேநீர் கொடுங்கள். வந்தவர் பேசட்டும், பேசாமலும் இருக்கட்டும். ஜெபம் அவர் கேட்டால் போதும். அவர் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குறிப்பாக வாசித்துவிடாதீர்கள்.