திரூர் நெல்லும் மரபணு மாற்றமும்

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளாலேயே பெரிதும் அறியப்படும் திருவள்ளூர் மாவட்டத்திற்கு உலக நெல் வரலாற்றில் உயரிய இடம் உண்டென்பது இம்மாவட்டத்தாருக்கே போதிய அளவு சொல்லப்படவில்லை. திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஜி.இ.பி. 24, கோ 18 ஆகிய ரகங்களின் கலப்பில் பிறந்து 1950-களில் பரவிய டி.கே.எம். 6, தண்டுத்துளைப்பானை ஓரளவு தாங்கி நின்றது. இப்பூச்சியின் புழு குடைந்த இளம்பயிரில் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். கதிர்ப்பருவத்தில் தாக்கினால் மணி பிடிக்காத வெண்கதிரே மிஞ்சும். அத்தாங்குதிறனை நாடிய பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், டி.கே.எம். 6-ஐப் பெற்றோருள் ஒன்றாகக் கொண்டு 1969-இல் ஐ.ஆர். 20-ஐ வெளியிட, அது தமிழக வயல்களுக்கே திரும்பி வந்து பல்லாண்டு நிலைத்தது.

ஓர் உயிரியின் மரபணுவைப் பிரித்தெடுத்து இனம் கடந்து வேறோர் உயிரியில் புகுத்தும் மரபணு மாற்றத் தொழில்நுட்பமோ வேறு வழியில் சென்றது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண் பாக்டீரியத்தின் மரபணுவைப் பெற்ற பி.டி. நெல், புழுவின் காரத்தன்மை கொண்ட குடலில் நஞ்சாகச் செயல்படும் புரதத்தைத் தானே உண்டாக்கும். மனித இரைப்பை அமிலத்தில் அப்புரதம் சிதைந்துவிடும் என்பது ஆதரவாளர் வாதம். இந்தியாவில் 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபோதும் பி.டி. நெல்லுக்குக் கிடைக்கவில்லை, 2006-இல் கோவைப் பகுதியில் அதன் சோதனை வயல் ஒன்றை விவசாயிகளே அழித்தனர். மகரந்தம் வழியே புதிய மரபணு நாட்டு ரகங்களில் கலந்துவிடும் என்னும் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குதல் தகாது, ஏனெனில் புதிய ரகங்களுக்கு மூலம் நாட்டு ரகங்களே; டி.கே.எம். 6-இன் பெற்றோருள் ஒன்றான ஜி.இ.பி. 24-உம் நாட்டு நெல்லிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டது.