லிஸ்பன் 1755: மாறிய கேள்வி

1755 நவம்பர் 1, கத்தோலிக்கர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள். போர்த்துகலின் தலைநகர் லிஸ்பனில் காலைப் பூசைக்காகத் தேவாலயங்கள் நிறைந்திருந்தன. பீடங்களில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்பதரை மணிக்குமேல் தொடங்கிய நிலநடுக்கம் சில நிமிடங்கள் நீடித்தது. கூரைகள் தொழுதவர்கள்மேல் சரிந்தன. தப்பியவர்கள் டேகஸ் ஆற்றங்கரையின் திறந்தவெளிக்கு ஓடினர். நீர் உள்வாங்கி, பின் சுனாமியாகத் திரும்பி வந்தது. மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் மூட்டிய தீ நாட்கணக்கில் எரிந்தது. மாண்டவர்கள் பல்லாயிரம்.

இது பாவத்தின் சம்பளம் என்றனர் மதபோதகர்கள். நிகழ்வதெல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தின்மீது ஐயம் கொண்டு வால்டேர் நெடுங்கவிதை எழுதினார். 1756இல் அவருக்கு மடல் எழுதிய ரூஸோ வேறொரு கோணத்தைக் காட்டினார். ஆறேழு மாடி வீடுகளை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையன்று, மனிதரே என்பது அவர் வாதம். பூமி அதிர்வது இயற்கை. அது பேரழிவாவதில் நமக்கும் பங்குண்டு என்ற எண்ணத்தின் தொடக்கங்களுள் ஒன்று அது. ஆயினும் எங்கே வாழ்வது என்பதை எல்லோரும் விரும்பித் தேர்வதில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

பின்னாளில் பொம்பால் பிரபு என அறியப்பட்ட அமைச்சர், நாடெங்கும் உள்ள பங்குக் குருமார்களுக்கு ஒரு வினாப்பட்டியல் அனுப்பச் செய்தார். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது? எத்தனை வீடுகள் இடிந்தன? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? 'ஏன் தண்டிக்கப்பட்டோம்' என்ற கேள்வி 'என்ன நடந்தது' என்று மாறியது. விடைகள் இன்றும் லிஸ்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தாழ்நகர்ப்பகுதி அகன்ற வீதிகளோடு புதிதாக எழுந்தது. அதிர்வைத் தாங்கும்பொருட்டுச் சுவர்களுக்குள் கூண்டுபோன்ற மரச்சட்டகங்கள் பொருத்தப்பட்டன.

கடல் ஏறியதா, இறங்கியதா என்பது வெறும் ஆவணக் கேள்வியன்று. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்துக் கரைகளிலும் கடல் முதலில் உள்வாங்கியது. அதன் பொருள் அறியாதோர் வேடிக்கை பார்த்து நின்றனர், பலர் திரும்பவில்லை. புக்கெட் தீவின் ஒரு கடற்கரையில், புவியியல் வகுப்பில் அதைக் கற்றிருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி அடையாளம் கண்டு எச்சரித்தாள். அங்கிருந்தோர் உரிய நேரத்தில் வெளியேறிப் பிழைத்தனர்.

லிஸ்பனில் கேட்கப்பட்ட கேள்வி அந்த வகுப்பறைவரை வந்து சேர ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. எல்லா வகுப்பறைகளுக்கும் அது அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை.